பச்சைக் கறிக்கு வெந்த கறியின் கணக்கு

கன்னியப்பன் என்ற உலைத் தொழிலாளி வேலை நேரத்தில் மயங்கி விழுந்தார். குடித்துவிட்டு வந்தார் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் சாப்பாடு போதாமல் விழுந்திருக்கலாம் என்பதும், அந்தச் சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டவன் நான் என்பதும், அந்தக் கணக்கு தப்பு என்பதும் விசாரணை நடந்த அன்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டார்கள். சாப்பாடு போதும் என்று சொன்னேன்.

தொழிற்சாலை கேன்டீன்களிலும் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுகளிலும் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பாராட்டு வாங்கிய சம்பவங்களும் சில உண்டு. அவற்றால் உங்களுக்கு ஆகப்போவது அதிகமில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

கறியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கறி வேகும்போது அதிலுள்ள தண்ணீர் வெளியேறும். கறி சுருங்கும், எடை குறையும். சத்து பெரும்பாலும் துண்டிலேயே தங்கிவிடும். கொஞ்சம் கொழுப்பு உருகிக் குழம்பில் சேரும். அதனால் நூறு கிராம் வெந்த கறியில் உள்ள கலோரி, நூறு கிராம் பச்சைக் கறியில் உள்ளதைவிட அதிகம். வெந்த பிறகு எடை போட்டால் வெந்த கறிக்கு உரிய எண்ணை எடுக்க வேண்டும். பச்சையாக எடை போட்டால் பச்சைக் கறிக்கு உரிய எண்ணை எடுக்க வேண்டும். எலும்போடு போட்டால் எலும்பைக் கழிக்க வேண்டும். இவ்வளவுதான். வேதியியலில் பட்டம் வாங்கிய எனக்கு இது புரியாத விஷயம் இல்லை. பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

கும்மிடிப்பூண்டிக்கு வருமுன் திருவள்ளூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உணவுக்குப் பொறுப்பாக இருந்தேன். அறுபதுகளின் கடைசி. அங்கே தட்டில் வைத்த கறியைத்தான் எடை போடுவோம். வெந்தது, எலும்பு நீக்கியது. தட்டு வார்டுக்குப் போகுமுன் ஒரு சின்னத் தராசில் ஏறி இறங்கும். கணக்குக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். அதில் ஆட்டுக்கறிக்கு நான்கைந்து வரிகள் உண்டு; எங்களுக்கு வேண்டியது வெந்த, எலும்பில்லாத கறி என்ற வரி மட்டும்தான். நாளாக ஆகப் புத்தகத்தைத் திறப்பதையே விட்டுவிட்டேன். ஆட்டுக்கறி என்றால் அந்த எண்தான் வாயில் வரும்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் கேன்டீனுக்கு அதிகாரியாகப் போனேன். குடியிருந்தது பொன்னேரியில். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புவேன். கேன்டீனில் கறி ஸ்டோரிலேயே எடை போடப்பட்டு வரும். பச்சையாக, எலும்போடு. தட்டுக்குப் பக்கத்தில் தராசு கிடையாது. அத்தனை பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அது முடியவும் முடியாது. இந்த வித்தியாசத்தைத் தினமும் கண்ணால் பார்த்தேன். அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று நினைக்கவில்லை.

உலையில் நிற்பவர்களுக்கு ஷிஃப்டின் நடுவில் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கிற வழக்கம் நான் போவதற்கு முன்பே இருந்தது. கோடையில் பால் திரிந்துபோகும். முட்டை வண்டி வராது. ஒர்க்ஸ் மேனேஜருக்கு இது தலைவலி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முட்டையையும் பாலையும் நிறுத்திவிட்டு, வாரத்தில் மூன்று நாள் தலைக்கு நூற்றைம்பது கிராம் ஆட்டுக்கறி போட்டால் சமமாக வருமா என்று கேட்டார். என் அறைக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம், சமமாக வரும், சொல்லப்போனால் ஒரு பிடி அதிகம் என்றேன். புத்தகத்தைக்கூடப் பார்க்காமல் போட்டீர்களா என்று வியந்தார். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தபோது அவர்கள் எதிரில் அதையே சொல்லிப் புகழ்ந்தார். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எனக்கு நெடுநாள் பெருமை இருந்தது.

பச்சைக் கறியின் எடையை எடுத்துக்கொண்டு, அதை வெந்த கறியின் எண்ணால் பெருக்கியிருந்தேன். எலும்பையும் கறியாகவே எண்ணியிருந்தேன். அவர்கள் வயிற்றுக்குப் போனது நான் சொன்னதில் பாதிகூட இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், தொழிலாளர்கள் இதைக் கொண்டாடினார்கள். முட்டை போய்க் கறி வருகிறது என்றால் யார்தான் சண்டை போடுவார்கள்? கன்னியப்பனை நான் முதலில் கவனித்தது அப்போதுதான். ஏரியோரத்து மீனவக் குடும்பம். சுண்ணாம்புக்குளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். வயது முப்பதுக்குள் இருக்கும். இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. முதல் கறி நாளன்று தட்டோடு என் எதிரில் வந்து நின்றார்.

"மீனு துன்னு துன்னு எனக்கு செவுளு மொளைக்கிற நேரத்துல கறி போட்டீங்க சார். நல்லா இருப்பீங்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில மாதங்கள் போயின. கேன்டீன் கமிட்டிக் கூட்டத்தில் துண்டு குறைவாக இருக்கிறது என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. தொழிலாளர்கள் பக்கத்திலிருந்து கன்னியப்பனைப் பேசச் சொன்னார்கள், அவர் பேசினால் அதிகாரிகளுக்குக் கோபம் வராது என்பதால். "இந்தக் கொயம்புல ஆடு குளிச்சிட்டு எய்ந்து போய்ட்ச்சி சார்" என்றார் அவர். மறுபடியும் எல்லோரும் சிரித்தோம். ஸ்டோரில் எடை சரியாக இருக்கிறது என்று நான் பதில் சொன்னேன். இருந்ததும் உண்மைதான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைக் கிண்டல் செய்தால் அது குற்றச்சாட்டு. பயந்தவர்களும் நல்லவர்களும் குற்றச்சாட்டை அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்து வந்த கோடையில் கன்னியப்பன் விழுந்தார். உலையிலிருந்து உருகிய இரும்பை இறக்குகிற நேரம். மேடையில் நின்றிருந்தவர் தள்ளாடியிருக்கிறார். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் மேடையிலேயே விழுந்தார். ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் எலும்புகூடக் கிடைத்திருக்காது. ஃபோர்மேன் தூரத்திலிருந்து பார்த்தது தள்ளாட்டத்தை மட்டும். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. ஆனால் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா, அங்கே கடை. ஷிஃப்டுக்கு முன்னால் எல்லை தாண்டிப் போய்விட்டு வருகிறவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். ஃபோர்மேன் கன்னியப்பனையும் அந்தக் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

ஆடு எழுந்து போய்விட்டது என்று அவர் சொன்னது அதன் பிறகுதான் எனக்கு உறுத்தியது. அடுத்த கறி நாளன்று சமையல்கட்டுக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் சுப்பையா, தடா பக்கத்துக்காரர், என்னைவிடப் பெரியவர். ஓர் ஆளுக்கு ஊற்றுகிற அளவு குழம்பை ஒரு தட்டில் ஊற்றச் சொன்னேன். துண்டுகளை எடுத்து, எலும்பை நீக்கி, ஸ்டோர் தராசைக் கொண்டுவரச் சொல்லி எடை போட்டேன். நூற்றைம்பதில் பாதியைத் தொடவில்லை. வாயால் ஒன்றும் கேட்கவில்லை. சுப்பையாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் போதுமாக இருந்தது.

"நா எடுத்துட்டேன்னு நெனச்சா நேரா கேளு நைனா. மூஞ்சியப் பாக்காத. நாளன்னிக்கு மறுபடியும் கறி. அடுப்பாண்ட வந்து ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கறி அண்டாவில் விழுந்ததிலிருந்து இறக்கும்வரை நகரவில்லை. அதே எடைதான் வந்தது. சுப்பையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு அறைக்குப் போய்ப் பல வருடங்களுக்குப் பின் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். என் எண் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்தேன்.

அப்போதே எழுந்து மேனேஜர் அறைக்குப் போயிருக்க வேண்டும். முப்பதடி தூரம் இருக்கும். போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை எனக்கு. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்ற பயம். தலைமை அலுவலக ஆட்கள் எதிரில் சொல்லிவிட்டாரே, இப்போது எந்த முகத்தோடு போவது என்று ரயிலில் போகும்போதெல்லாம் யோசித்தேன். கடைசியில் எனக்கு வசதியான ஒரு வழி தோன்றியது. தப்பை யாருக்கும் தெரியாமல் திருத்திவிடுவது.

கோடை கடுமையாக இருக்கிறது என்று காரணம் சொல்லி, உலை ஆட்களுக்கு ஷிஃப்டின் நடுவில் வேர்க்கடலை உருண்டை கொடுக்க ஏற்பாடு செய்தேன். வெல்லம் தாராளமாகப் போடச் சொன்னேன். பருப்பைக் கெட்டியாக்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாளில் பலன் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தவர்கள் தேறினார்கள். கேன்டீனில் சத்தம் கூடியது. எனக்கு நிம்மதி. நல்லது செய்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த உருண்டைகளில் ஒன்றுகூடக் கன்னியப்பனுக்குக் கிடைக்கவில்லை. அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டில் இருந்தார்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. கன்னியப்பன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். வருமானம் இல்லாமல் இருந்தவர் எப்படி இருப்பார்? ஃபோர்மேன் பார்த்ததைச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர், பலவீனத்தாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கன்னியப்பனை ஏதாவது சொல்லச் சொன்னார்கள்.

"குடிக்கல சார். கண்ணு இருட்டிகினு வந்துச்சி. வேற இன்னா சொல்றது" என்றார்.

அப்புறம் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். உலை வேலைக்கு இந்தச் சாப்பாடு போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். இதே சாப்பாட்டைச் சாப்பிடும் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார்கள் என்றேன். இரண்டாவது பதில் அந்த நாளில் முழு உண்மை. அந்த உண்மைதான் கன்னியப்பனை முடித்தது. எல்லோரும் திடமாக இருக்கும்போது ஒருவர் மட்டும் விழுகிறார் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? பெர்மனென்ட் ஆகாதவர் என்பதால் பெரிய நடைமுறையும் தேவைப்படவில்லை. அன்றே அனுப்பிவிட்டார்கள்.

சத்தமில்லாமல் தப்பைத் திருத்துகிறவன் தப்பு நடந்ததற்கான சாட்சியத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறான். நான் கடலை உருண்டை கொடுக்காமல் இருந்திருந்தால், மேனேஜர் தன் கண்ணாலேயே இன்னும் பத்துப் பேர் இளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார். இதை நான் புரிந்துகொள்ள அந்த அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நிற்கிற நேரம்கூட ஆகவில்லை. புரிந்த பிறகும் உள்ளே திரும்பிப் போகவில்லை.

இங்கே ஒரு நியாயம் பேச இடம் இருக்கிறது. பல வருடம் எனக்குள் நான் பேசியதுதான். அந்தக் கலோரிக் குறைவு மட்டுமே ஒரு மனிதரை வீழ்த்துமா? வெயில், அனல், அவ்வளவு தூரம் சைக்கிள், இவையெல்லாம் உண்டல்லவா? உண்டு. நடு ஷிஃப்டில் வயிற்றில் விழுந்துகொண்டிருந்த முட்டையும் பாலும் நின்றதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அன்று என்னிடம் அதைக் கேட்கவில்லை. சாப்பாடு போதுமா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், ஆந்திராவிலிருந்து வரும் லாரியில் வேர்க்கடலை மொத்தமாக வாங்குவதற்காக எளாவூர் போயிருந்தேன். செக்போஸ்ட் ஓரத்தில் ஒரு லாரியிலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்கை முக்காடாக மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். கன்னியப்பன்.

"நாஷ்டா ஆச்சா சார்?" என்று கேட்டார்.

நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்திருப்பேன். அதற்கு இல்லை. டீக்கடைக்குக் கூப்பிட்டேன். வந்தார். ஏரிக்கே திரும்பியிருக்கலாமே, இங்கே ஏன் மூட்டை தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் மீன் படும் இடங்கள் கொஞ்சம். எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்று ஊர்க்காரர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்கிறார்கள். கம்பெனி வேலைக்குப் போகிறவர் தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால்தான் பெயரை மறுபடியும் சேர்ப்பார்கள்.

"ஒத்துக்க மாட்டேன்றாங்க சார். குடிச்சிட்டு வேலைய உட்டவன் தோணியில ஏறுனா வலையும் போவும், கூட வர்றவனும் போவான்றாங்க. அவங்க சொல்றதும் கரீட்டுதான, குடிகாரனா இருந்தா?" டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சிரித்தார். "ஊட்டுக்குப் போனா பொண்டாட்டி மொதல்ல வாயத்தான் மோந்து பாக்கறா. கல்யாணமான புதுசுல கூட இவ்ளோ கிட்ட வந்ததில்ல."

நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை மேனேஜரிடம் போனேன். கறிக்கணக்கு தப்பு, எலும்போடு பச்சையாக எடை போட்டதற்கு வெந்த கறியின் எண்ணைப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. முகம் மாறியது. முட்டையையும் பாலையும் உடனே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். கன்னியப்பனைப் பற்றிக் கேட்டேன்.

"அவரை அனுப்பினது குடிச்சதுக்கு. நீங்க சொல்றது கறிக் கணக்கு. ரெண்டையும் ஏன் சேக்கறீங்க?" என்றார்.

சேர்த்தவன் நான்தான் சார், விசாரணைக்கு முன்பே எனக்குத் தெரியும் என்று அப்போது சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அதைச் சொல்லவில்லை. தப்பை ஒப்புக்கொண்டேன், மறைத்ததை ஒப்புக்கொள்ளவில்லை. பாதி ஒப்புக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஆலை கைவிட்டதும் மிச்சமிருந்தது குப்பம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனோடு போனேன். கரையில் வலை பின்னிக்கொண்டு பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முறை வைப்பதில் அவர்களில் மூத்தவர் வார்த்தைதான் கடைசி வார்த்தை. கன்னியப்பனின் மனைவியும் அவள் அண்ணனும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கம்பெனி ஆள் வந்திருக்கிறார் என்று இன்னும் சிலர் கூடினார்கள்.

கலோரியை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு கூடை பச்சை மீனை உப்புப் போட்டுக் காயவைத்தால் எவ்வளவு கருவாடு வரும் என்று கேட்டேன். சிரித்தார்கள். மீனைப் பொறுத்தது என்றார் ஒருவர், பாதி வந்தால் பெரிசு என்றார் இன்னொருவர். ஒரு கூடை மீனைக் கொடுத்துவிட்டு ஒரு கூடைக் கருவாடு கொடுத்ததாக நான் எழுதிவிட்டேன், அந்த எழுத்தை நம்பி உலையில் நிற்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த முட்டையையும் பாலையும் நிறுத்திவிட்டார்கள், அந்தச் சாப்பாட்டில்தான் இவர் உலையில் நின்றார் என்றேன்.

கன்னியப்பனின் மைத்துனர் முன்னால் வந்தார். "மீனு காஞ்சா சுண்டும்னு உனக்குத் தெரியுது. படிச்சும் கீற. அப்பறம் எப்டி சார் அப்டி எழுதின?"

கவனிக்கவில்லை என்றேன். எழுதியதற்கு அது உண்மையான பதில். அவர் கேட்டதும் எழுதியதைப் பற்றித்தான்.

மூத்தவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "சோறு பத்தலன்ற. சரி. அன்னிக்கு இவன் குடிக்கலன்னு நீ எப்டி சொல்ற? கூட இருந்தியா?"

இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த மாதங்களில் உலையில் நின்ற எல்லோருமே இளைத்திருந்தார்கள், இவர் விழுந்த பிறகு நான் கடலை உருண்டை கொடுக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் தேறிவிட்டார்கள் என்றேன். எல்லோரும் குடித்திருக்க முடியாது, கடலை உருண்டை குடியை நிறுத்தவும் செய்யாது என்றேன்.

பெரியவர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு மூத்தவர் கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னார். "குடிச்சத நாங்க பாக்கல. கம்பெனிக்காரன் சொன்னான், நம்புனோம். இப்ப கம்பெனிக்காரனே வந்து இல்லன்றான். அடுத்த சீட்டுல ஒம் பேரு இருக்கும், போ."

கன்னியப்பனின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குடிசைப் பக்கம் வேகமாகப் போய்விட்டாள். மைத்துனர் அங்கேயே உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

பஸ் நிற்கும் சாலைவரை கன்னியப்பன் என்னோடு வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். எனக்கு மனசு லேசாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பாதி வழியில் அவர் கேட்டார்.

"கடல உருண்ட எப்ப சார் குடுத்தீங்க?"

நீங்கள் விழுந்த பிறகு என்றேன்.

"அதான் அங்கியே சொன்னீங்களே. விசாரணைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி என்றேன்.

சைக்கிள் நின்றது. அவர் ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ரூம்ல ஒக்காந்துகினு இருக்கசொல்லவே உனக்குத் தெரியும்." அதற்கு முன் என்னை நீங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

தெரியும் என்றேன்.

மறுபடியும் நடக்க ஆரம்பித்தோம். சாலை வந்தது. பஸ் தூரத்தில் தெரிந்தது. அங்கே திரும்பிப் போய் இதையும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் உண்மையாகவே போயிருப்பேன் என்று நம்புகிறேன்.

"சொல்லாத சார்" என்றார். "கணக்கு தப்புன்னா உட்டுடுவாங்க. தெரிஞ்சே சும்மா இருந்தன்னா எங்க மச்சான் ஒன்ன பஸ் ஏற உட மாட்டான். அங்கதான் குந்திகினு கீறான். எனக்குத் தெரிஞ்சிட்ச்சில்ல, போதும்."

கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். நான் ஏறி உட்காரும்வரை நின்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. முறை கிடைத்தது, நெடுங்காலம் ஏரியில் தொழில் செய்தார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார் என்று அந்தப் பக்கத்துத் தொழிலாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆலையின் காகிதங்களில் அவர் கடைசிவரை குடித்துவிட்டு வேலைக்கு வந்தவராகவே இருந்தார். அதை மாற்ற நான் பிற்பாடு இரண்டு முறை முயன்றேன். கேட்டவர்களிடமெல்லாம் கணக்கு தப்பு என்று மட்டும்தான் சொன்னேன். தெரிந்தே சும்மா இருந்தேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும், சொல்லாதே என்று அவரே சொல்லிவிட்டாரே என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அவர் இல்லை.

அன்று அவர் அப்படிச் சொன்னது, நான் அடி வாங்காமல் அந்த ஒரு பஸ்ஸில் ஏறிப் போவதற்காக. அதை வாழ்நாள் முழுவதற்கும் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டவன் நான்.